பீங்கானுக்குள் ஓர் அணுவின் அசைவு

வானொலிப் பெட்டியொன்றின் பின்மூடியைக் கழற்றி உள்ளே நோக்குபவர், கம்பிச் சுருள்களுக்கும் சிறு குழல்களுக்கும் இடையே, இரண்டு கம்பிக் கால்களில் நிற்கும் மண்ணிற வட்டவில்லைகள் சிலவற்றைக் காண்பர். தோற்றத்தில் அவை மருந்துக் குளிகைகளை ஒத்திருக்கும். கொள்ளளவிகள் என்பது அவற்றின் பெயர். முன்னைய நூல்கள் அவற்றை ஒடுக்கிகள் என வழங்கின. வேண்டிய அலையைப் பிரித்தெடுப்பதற்கும், வேண்டாத இரைச்சலை விலக்குவதற்கும், மின்னைச் சிறிது பொழுது தேக்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பதற்கும் அவை இன்றியமையாதன. வில்லையின் மேற்பூச்சைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஒரு துண்டுப் பீங்கானே. தேநீர்க் கோப்பைக்கு அது ஒருவகையில் உறவினன். ஆனால் அதிலே களிமண் இல்லை. அந்தச் சிறு துண்டுக்குள் அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன, அவற்றுள் ஒன்று தன் இடத்திலிருந்து மயிரிழையினும் எத்தனையோ மடங்கு நுண்ணிய தூரம் விலகுவதால் யாது பயன் விளைகின்றது என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

கொள்ளளவியின் அமைப்பு மிக எளியது. இரண்டு உலோகத் தகடுகள். அவற்றினிடையே மின்னைக் கடத்தாத ஒரு பொருள். தகடுகளை மின்கலத்தோடு இணைத்தால் ஒன்றில் நேரேற்றமும் மற்றையதில் எதிரேற்றமும் சேரும். சேரும் ஏற்றத்தின் அளவு தகட்டின் பரப்பையும் இடைவெளியையும் பொறுத்தது. அவற்றோடு, இடையில் வைத்த பொருளையும் பொறுத்தது. இவ்வுண்மையை 1837ஆம் ஆண்டில் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில அறிஞர் பரிசோதனை வாயிலாக நிறுவினார். காற்றுக்குப் பதிலாகக் கண்ணாடியையோ கந்தகத்தையோ அரக்கையோ இடையில் வைத்தபோது, அதே தகடுகள் கூடுதலான ஏற்றத்தை ஏற்கக் கண்டார். இத்தகைய பொருளை மின்னுழையம் என்பர். வெற்றிடத்தோடு ஒப்பிடும்போது அது ஏற்றத்தை எத்தனை மடங்கு பெருக்குகின்றதோ, அந்த எண்ணே அதன் மின்னுழைய மாறிலி. காற்றுக்கு அது ஏறத்தாழ 1. அப்பிரகத்துக்கு 5 முதல் 7 வரை. தைத்தேனியத்தின் ஒட்சைட்டான ரூட்டைல் என்னும் பொருளைச் சுட்டெடுத்த பீங்கானுக்கு ஏறத்தாழ 100.

பொருள் எவ்வாறு ஏற்றத்தைப் பெருக்குகின்றது? எந்தப் பொருளிலும் நேரேற்றத் துணிக்கைகளும் எதிரேற்றத் துணிக்கைகளும் உண்டு. மின்புலம் அவற்றைத் தொடும்போது ஒரு சாரார் ஒரு பக்கமும் மறுசாரார் எதிர்ப்பக்கமும் சற்றே விலகுகின்றனர். இந்த விலகலுக்கு முனைவாக்கம் என்று பெயர். விலகல் எவ்வளவு எளிதில் நிகழுமோ, அவ்வளவுக்கு மின்னுழைய மாறிலியும் உயரும். ஆகவே பெருங் கொள்ளளவைச் சிற்றிடத்தில் அடக்க விரும்புவோர், எளிதில் அசைந்து கொடுக்கும் அணுக்களை உடைய பொருளைத் தேட வேண்டியவராவர்.

அத்தேட்டத்தை விரைவுபடுத்தியது இரண்டாம் உலகப்போர். அந்நாளில் வானொலிக் கருவிகளுக்கும் ராடர்க் கருவிகளுக்கும் வேண்டிய தரமான கொள்ளளவிகள் அப்பிரகத்தாலேயே செய்யப்பட்டன. நல்ல அப்பிரகத் தகடுகள் பெரும்பாலும் அன்றைய பீகார் மாகாணத்தின் கொடர்மாப் பகுதி முதலிய இந்தியச் சுரங்கங்களிலிருந்தும், பிரேசிலிலிருந்தும் கப்பலேறி வரவேண்டும். கடலிலோ நீர்மூழ்கிகளின் அச்சம். தேவை பெருகிற்று, வரவு நிச்சயமற்றதாயிற்று. எனவே சுடப்பட்ட ஒட்சைட்டுகளைக் கொண்டு மாற்றுப்பொருள் செய்யப் பல நாடுகளிலும் முயன்றனர். 1942ஆம் ஆண்டுக்கும் 1944ஆம் ஆண்டுக்கும் இடையில் ஐக்கிய அமெரிக்காவில் வெயினர், சலமன் என்போரும், சோவியத் ஒன்றியத்தில் வூல், கோல்ட்மன் என்போரும், யப்பானில் ஒகாவா, வாக்கு என்போரும், போரினாற் பிரிக்கப்பட்டு ஒருவர் செய்வதை மற்றவர் அறியாத நிலையில், ஒரே பொருளைக் கண்டறிந்தனர். அதுவே பேரியம் தைத்தேனேற்று. அதன் மின்னுழைய மாறிலி ஆயிரத்துக்கு மேற்பட்டதாயிருந்தது. அப்பிரகத்தின் ஆறு எங்கே, இதன் ஆயிரம் எங்கே!

இந்தப் பொருளின் அணு அமைப்பு புதியதன்று. 1839ஆம் ஆண்டில் குஸ்தாவ் ரோஸ் என்னும் செர்மானிய அறிஞர், உரூசியாவின் யூரல் மலையிற் கிடைத்த ஒரு கனியத்தை ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்னும் உரூசியப் பிரபுவின் பெயரால் அதற்குப் பெரோவ்ஸ்கைற்று எனப் பெயரிட்டார். அது கல்சியம், தைத்தேனியம், ஒட்சிசன் ஆகிய மூன்றும் சேர்ந்தது. அதே முறையில் அணுக்கள் அடுக்கப்பட்ட பொருள்கள் யாவும் இன்று அப்பெயராலேயே வழங்குகின்றன.

அவ்வடுக்கை மனக்கண்ணாற் காண்பது கடினமன்று. சதுரப் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்க. அதன் எட்டு மூலைகளிலும் பேரியம். ஆறு முகங்களின் நடுவிலும் ஒட்சிசன். பெட்டியின் நட்டநடுவில் ஒரேயொரு தைத்தேனியம். ஆறு ஒட்சிசன்களும் ஒரு கூண்டாகி அத்தைத்தேனியத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. பெட்டியின் ஒரு பக்கம் 0.4 நனோமீற்றர் நீளமே உடையது. அதாவது, ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இருபத்தைந்து இலட்சம் பெட்டிகளை வரிசையாக வைக்கலாம்.

போர் முடிவுற்ற 1945ஆம் ஆண்டில், எலன் மெகோ என்னும் பெண்மணி, இப்பெட்டியின் உண்மை வடிவத்தை எக்ஸ் கதிர்களால் அளந்து வெளியிட்டார். இவர் அயர்லாந்தின் டப்ளின் நகரிற் பிறந்தவர். பிரித்தானியாவில் ஆய்வு நடத்தியவர். அறை வெப்பநிலையில் பெட்டி சரியான கனசதுரமாக இல்லை. ஒரு திசையில் நூற்றுக்கு ஒரு பங்கு நீண்டிருக்கின்றது என்பதை அவ்வளவீடு காட்டிற்று. நடுவிலிருக்க வேண்டிய தைத்தேனியம் ஒரு முகத்தை நோக்கிச் சற்றே விலகி நிற்கின்றது. விலகிய தூரம் ஒரு நனோமீற்றரின் நூறில் ஒரு பங்களவே. எனினும் நேரேற்றம் கொண்ட அணு நடுவிலிருந்து விலகியதால், ஒவ்வொரு பெட்டியும் ஒரு முனை நேராகவும் மறுமுனை எதிராகவும் உள்ள ஒரு சிறு மின் ஊசியாகி விடுகின்றது.

தைத்தேனியம் ஏன் விலக வேண்டும்? நோர்வேயில் ஆய்வு நடத்திய விக்டர் கோல்ட்சிமித் என்னும் அறிஞர், 1926ஆம் ஆண்டிலேயே இதற்கு ஒரு கணக்கைத் தந்திருந்தார். அயன்களை உருண்டைகளாகக் கொண்டால், மூலையிலுள்ளவை, நடுவிலுள்ளது, ஒட்சிசன் ஆகிய மூன்றின் பருமன்களும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். மூலையிலுள்ள அயன் சிறியதாயின் ஒட்சிசன் கூண்டுகள் சரிந்து இடைவெளியை நிரப்பும். யூரல் மலைக் கனியத்தில் நிகழ்வது அதுவே. பேரியம் பருத்த அயனாதலின் கூண்டை விரித்து வைக்கின்றது. தைத்தேனியத்துக்கு இடம் தளர்ந்துவிடுகின்றது. தளர்ந்த பொத்தான் துளையில் பொத்தான் ஒரு பக்கமாகச் சாய்வது போல அதுவும் சாய்கின்றது. இடத்தளர்ச்சி மாத்திரம் காரணமன்று என்பதை, 1992ஆம் ஆண்டில் ரொனால்ட் கோஹன் என்னும் அமெரிக்க அறிஞர் கணிப்புகளாற் காட்டினார். தைத்தேனியத்தின் இலத்திரன் நிலைகள் ஒட்சிசனின் இலத்திரன் நிலைகளோடு கலப்பதாலேயே அவ்விலகல் நிலைபெறுகின்றது என்பது அவர் கண்ட முடிவு.

வெப்பநிலை மாறும்போது இப்பெட்டியும் வடிவம் மாறுகின்றது. ஏறத்தாழ 120 பாகை செல்சியசுக்கு மேலே அது செம்மையான கனசதுரம்; தைத்தேனியம் சராசரியில் நடுவிலேயே இருக்கும். அதற்குக் கீழே ஒரு முகத்தை நோக்கிச் சாயும். ஏறத்தாழ 5 பாகையில் ஒரு விளிம்பை நோக்கியும், உறைநிலைக்குக் கீழே 90 பாகையளவில் ஒரு மூலையை நோக்கியும் திரும்பும். 120 பாகையை அணுகும் வேளையில், நடுவில் நிற்பதா விலகுவதா என அணு தடுமாறும் நிலை தோன்றுகின்றது. அத்தடுமாற்ற நிலையில் மிகச் சிறிய மின்புலமும் அதை அசைத்துவிடும். அதனால் அவ்விடத்தில் மின்னுழைய மாறிலி பத்தாயிரம் வரை உயர்கின்றது.

வெளியிலிருந்து வரும் மின்புலம் விலகலின் திசையைத் திருப்பவல்லது. மின்புலத்தை நீக்கிய பின்னரும் திரும்பிய திசை நிலைத்து நிற்கும். இரும்புக் காந்தத்தை ஒத்த நடத்தையாதலின் இதனை அயமின் இயல்பு என்றனர். பெயரில் அயம் இருப்பினும் பொருளில் இரும்பு இல்லை. இவ்வியல்பு அதற்கு முன்னரும் அறியப்பட்டதே. 1920ஆம் ஆண்டில் யோசப் வலசெக் அதை ரோசெல் உப்பிற் கண்டார். ஆனால் அவ்வுப்பு நீரிற் கரைவது. ஈரத்தையும் வெப்பத்தையும் தாங்காதது. பேரியம் தைத்தேனேற்றோ உலையிற் சுட்ட கடினமான பீங்கான். வலிய மின்புலத்தால் அதன் ஊசிகளை ஒருபுறம் திருப்பிவிட்டால், அமுக்கும்போது மின் தரும். மின் கொடுக்கும்போது நீளும். இதே குடும்பத்தில் ஈயம், சேர்க்கோனியம், தைத்தேனியம் ஆகியவற்றின் ஒட்சைட்டுக் கலவை ஒன்றை, 1954ஆம் ஆண்டளவில் பேர்ணாட் யாவேயும் அவருடைய தோழரும் அமெரிக்காவில் ஆராய்ந்து, அமுக்கத்தை மின்னாக்குவதில் அது முன்னையதிலும் மேம்பட்டதெனக் காட்டினர். மருத்துவமனையில் தாயின் வயிற்றினுட் குழந்தையைக் காட்டும் கழியொலிக் கருவியில் ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்கும் துண்டு பெரும்பாலும் இவ்வகைப் பீங்கானே.

இவ்வளவும் எளிய பெரோவ்ஸ்கைற்றுகளின் கதை. இனிச் சிக்கலானவற்றின் கதை வருகின்றது. பெட்டியின் நடுவிடத்தை ஒரே வகை அணுவுக்குக் கொடாமல், இரண்டு வகை அணுக்களுக்குப் பகிர்ந்தளித்தால் என்னாகும்? இக்கேள்வியைக் கேட்டவர்கள் 1950களின் பிற்பகுதியில் லெனின்கிராட் நகரில் ஆய்வு நடத்திய சிமொலென்ஸ்கியும் அக்ரனோவ்ஸ்காயாவும். நடுவிடத்துக்கு நான்கு நேரேற்றம் உடைய அயன் வேண்டும். மகனீசியம் இரண்டு ஏற்றமுடையது. நையோபியம் ஐந்து ஏற்றமுடையது. ஒரு மகனீசியத்துக்கு இரண்டு நையோபியம் என்ற விகிதத்தில் கலந்தால், மூன்று இடங்களுக்கும் மொத்தம் பன்னிரண்டு, சராசரி நான்கு. கணக்குச் சரியாகிவிடுகின்றது. மூலைகளில் ஈயத்தை வைத்தனர். இவ்வாறு பிறந்ததே ஈய மகனீசிய நையோபேற்று.

அப்பொருளின் நடத்தை வியப்பூட்டிற்று. அதன் மின்னுழைய மாறிலி, உறைநிலைக்குக் கீழே 10 பாகையளவில், பதினாயிரத்துக்கு மேலே உயர்ந்தது. ஆயினும் பேரியம் தைத்தேனேற்றைப் போலக் கூரிய சிகரமாக உயரவில்லை. அகன்ற குன்றுபோலப் பரந்து உயர்ந்தது. மீடிறனைக் கூட்டினால் குன்றின் உச்சி சற்றுத் தாழ்ந்து, உயர்ந்த வெப்பநிலைப் பக்கம் நகர்ந்தது. எக்ஸ் கதிர்களாற் பார்த்தாலோ பெட்டி சராசரியில் கனசதுரமாகவே தோன்றிற்று. காரணம் யாது? மகனீசியமும் நையோபியமும் பொருள் முழுவதும் ஒரே சீராக அமரவில்லை. ஓரிடத்தில் ஒருவிதமாகவும் பக்கத்தில் வேறுவிதமாகவும் அமர்ந்தன. ஆதலின் ஒவ்வொரு சிற்றிடமும் தனக்கென ஒரு போக்கை உடையதாயிற்று. 1983ஆம் ஆண்டில் பேர்ண்ஸ், டாகோல் என்போர், ஏறத்தாழ 350 பாகை வெப்பத்திலேயே சில நனோமீற்றர் அகலமுள்ள முனைவாக்கத் தீவுகள் அதனுள் தோன்றிவிடுகின்றன என்பதற்கு ஒளியியற் சான்று தந்தனர். முழு ஊரும் ஒரே நாளில் ஒரு பக்கம் சாய்வது பேரியம் தைத்தேனேற்று. தெருவுக்குத் தெரு வெவ்வேறு வேளையில் வெவ்வேறு பக்கம் சாய்வது இது. அணுக்களின் ஒழுங்கின்மையே இங்கே பயன் தருகின்றது. வெப்பநிலை சற்று மாறினாலும் கொள்ளளவு திடீரெனக் குலைவதில்லை.

ஆயினும் இப்பொருளைத் தூய்மையாகச் செய்வது நெடுங்காலம் கைகூடவில்லை. ஈயம், மகனீசியம், நையோபியம் ஆகிய மூன்றின் ஒட்சைட்டுப் பொடிகளையும் ஒருங்கே அரைத்துச் சுட்டால், ஈயமும் நையோபியமும் முந்திக்கொண்டு தமக்குள் சேர்ந்து வேறோர் அமைப்பை உண்டாக்கிவிடும். பைரோகுளோர் எனப்படும் அவ்வமைப்பின் மின்னுழைய மாறிலி சில நூறுக்குள் அடங்குவது. மகனீசியம் தனித்து ஒதுங்கிவிடும். பின்னர் எவ்வளவு சுட்டாலும் அக்கலப்பு முற்றாக மறையாது. வெப்பத்தைக் கூட்டினாலோ ஈய ஒட்சைட்டு ஆவியாகி வெளியேறும். 1982ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ், சிரௌட் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் இதற்கு எளிய வழியொன்றைக் கண்டனர். முதலில் மகனீசியத்தையும் நையோபியத்தையும் மாத்திரம் சேர்த்துச் சுட்டு ஒன்றாக்குக. அதன் பின்னர் ஈயத்தைச் சேர்க்குக என்றனர். நையோபியம் ஏற்கனவே மகனீசியத்தோடு பிணைக்கப்பட்டுவிட்டமையால் ஈயத்துக்கு அதைத் தனியே பிரித்தெடுக்கும் வாய்ப்பு இல்லாமற் போயிற்று. சரக்குகள் பழையவை, அவற்றைச் சேர்த்த முறைவரிசை புதியது. சமையலறையில் தாளிதத்தை முன்போடுவதா பின்போடுவதா என்பதை அறிந்தவர்க்கு இதன் நுட்பம் எளிதில் விளங்கும்.

இப்பீங்கானுக்கு விண்வெளியிலும் ஒரு வேலை கிடைத்தது. 1990ஆம் ஆண்டில் ஏவப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் பெருங் கண்ணாடி பிழையாகத் தேய்க்கப்பட்டிருந்தமையால், அது அனுப்பிய படங்கள் மங்கலாயிருந்தன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் விண்வெளி வீரர்கள் சென்று புதிய புகைப்படக் கருவியைப் பொருத்தினர். அப்பிழையைத் திருத்தும் ஒளியியல் அக்கருவிக்குள்ளேயே அமைந்திருந்தது. அதிலே சிறு ஆடிகளை மிக நுட்பமாகச் சரித்து ஒளியை உரிய இடத்தில் விழச் செய்த தள்ளுகோல்கள் ஈய மகனீசிய நையோபேற்றால் ஆனவை. மின் கொடுத்தால் நீளும். மின்னை நீக்கினால் ஏறத்தாழப் பழைய நீளத்துக்கே மீளும் என்பது அதன் சிறப்பு. மங்கிய கண்ணுக்கு ஒளி தந்த பணியில் இந்தச் சுட்ட பொடிக்கும் ஒரு பங்குண்டு.

ஒழுங்கின்மையாற் பயன் தருவது இது. ஒழுங்கினாற் பயன் தரும் உறவினன் ஒருவனும் இக்குடும்பத்தில் உளன். மூலையிற் பேரியமும், நடுவிடத்தில் ஒரு நாகத்துக்கு இரண்டு தந்தாலம் என்ற விகிதமும் கொண்ட ஒட்சைட்டு அது. அதன் மின்னுழைய மாறிலி ஏறத்தாழ 30 மாத்திரமே. ஆனால் செக்கனுக்கு நூற்றுக்கணக்கான கோடி முறை அதிரும் நுண்ணலைகளை, வெப்பமாக வீணாக்காமல் தன்னுள் ஒலிக்கவிடும் ஆற்றல் அதற்குண்டு. வெண்கல மணியைத் தட்டினால் ஓசை நெடுநேரம் நிற்கும். மண்சட்டியைத் தட்டினால் உடனே அடங்கும். நல்ல வெண்கல மணிக்கு ஒப்பானது இப்பீங்கான். 1983ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் இதனை 100 மணி நேரத்துக்கும் மேலாக உலையில் வைத்திருந்தபோது, அவ்வாற்றல் பன்மடங்கு உயரக் கண்டனர். நெடிய சூட்டில் நாகமும் தந்தாலமும் சிறுகச் சிறுக இடம் மாறி, ஓர் அடுக்கு நாகம், ஈரடுக்கு தந்தாலம் என வரிசையாக அமர்ந்தன. வரிசை சீர்ப்பட்டமை அம்மாற்றத்துக்குப் பெருங்காரணமெனக் கொள்ளப்பட்டது. சூட்டில் நாகம் சிறிதளவு ஆவியாகிப் போவதற்கும் அதில் ஒரு பங்குண்டு எனப் பின்வந்தோர் காட்டினர். கைப்பேசிகளின் அலைகளைத் தாங்கும் கோபுர நிலையங்களில் அலைகளைப் பிரித்தறியும் வடிகளுக்கு இத்தகைய பீங்கான்கள் பயன்பட்டு வருகின்றன.

ஆகவே ஒரே வகைப் பெட்டி, ஒரே வகை அடுக்கு. ஓரிடத்தில் குழப்பம் வேண்டும், மற்றோரிடத்தில் வரிசை வேண்டும். உலையின் வெப்பமும் நேரமும் கலக்கும் முறையுமே இவற்றைத் தீர்மானிக்கின்றன. இன்றைய கைப்பேசி ஒன்றினுள் ஏறத்தாழ ஆயிரம் கொள்ளளவிகள் அடங்கியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை பேரியம் தைத்தேனேற்றை ஆயிரத்திலொரு மில்லிமீற்றரிலும் மெல்லிய படலங்களாக்கி, நிக்கல் படலங்களோடு மாறிமாறி நூற்றுக்கணக்கில் அடுக்கிச் சுட்டவை. உள்ளிருக்கும் ஒவ்வொரு மணியின் ஓரத்திலும் வேற்று அணுக்களைச் சிறிதளவு புகுத்தி, உறைநிலைக்குக் கீழ் 55 பாகை முதல் 125 பாகை வரை கொள்ளளவு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் மாறாதவாறு செய்துள்ளனர்.

இக்குடும்பத்தின் மீது ஒரு பழியும் உண்டு. மிகுந்த ஆற்றலுடைய உறுப்பினர் பலர் ஈயத்தை உடையவர். ஈயம் நஞ்சு, உலையில் ஆவியாகித் தொழிலாளியின் மூச்சிலும், எறிந்த கருவிகளிலிருந்து மண்ணிலும் நீரிலும் கலக்கவல்லது. ஐரோப்பிய ஒன்றியம் மின்கருவிகளில் ஈயத்தைத் தடைசெய்யும் விதிகளை 2006ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியபோது, இப்பீங்கான்களுக்கு விலக்களிக்க நேர்ந்தது. அவற்றுக்கு ஈடான மாற்று அன்று கிடைக்கவில்லை. 2004ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர், பொற்றாசியமும் சோடியமும் நையோபியமும் சேர்ந்த, ஈயமற்ற பெரோவ்ஸ்கைற்று ஒன்று நம்பிக்கை தருவதாகக் காட்டினர். அன்றுதொட்டு உலகெங்கும் அத்துறையில் உழைப்பு நடைபெறுகின்றது. ஆற்றலையும் நலத்தையும் ஒருங்கே தரும் பீங்கானைக் காண்பது இத்துறையின் பெருங்கடனாக நிற்கின்றது.

இலங்கை நேயர்களுக்கு இச்செய்தி தொலைவிலுள்ளதன்று. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கறுத்துக் கிடக்கும் மணலில், தைத்தேனியத்தைத் தரும் இல்மனைற்றும் ரூட்டைலும், சேர்க்கோனியத்தைத் தரும் சேர்க்கனும் கலந்திருக்கின்றன. மேற்கூறிய பீங்கான்களின் நடுவிடத்தில் அமரும் உலோகங்கள் இவையே. அம்மணல் பெரும்பாலும் கனியமாகப் பிரிக்கப்பட்ட அளவிலேயே கப்பலேறி வந்துள்ளது. மணலின் விலை வேறு. அதிலுள்ள அணுக்களைத் தூய்மைப்படுத்தி, அளந்து கலந்து, உரிய வரிசையில் அமரச் செய்த பொருளின் விலை வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பிப்பது கல்வியும் பொறுமையுமாகும். போர்க்காலத்தில் அப்பிரகம் வாராமையால் மூன்று நாடுகள் புதுப்பொருளைக் கண்டன. கடற்கரையிலேயே மூலப்பொருளைக் கொண்ட நாடு, அதன் பிள்ளைகளுக்கு அணுவின் அடுக்கையும் உலையின் நுட்பத்தையும் கற்பிக்குமாயின், அம்மணலுக்குள் உறங்கும் பயனும் ஒருநாள் விழித்தெழும்.